ஆர்டர் வராத வேலை

12 ஜூன் 2003, வியாழன்

என் மனைவி மல்லிகாவை வேலைக்கு எடுத்த மேலாளர் அந்தக் கம்பெனியை விட்டே போய்விட்டார். மாலையில் நான் போன் செய்தபோது வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள்.

சென்னை கால் சென்டரில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பயிற்சி தரும் வேலை. "செலக்ட் ஆயிட்டீங்க" என்று அவர் போனில் சொன்னதை நம்பி, உத்திரமேரூர்ப் பள்ளியில் பதினெட்டு வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் நேற்று ராஜினாமா கொடுத்துவிட்டாள். அவள் வகுப்புக்கு இன்றே வேறு டீச்சர் வந்தாயிற்று.

"ஆர்டர் கைக்கு வரட்டும்னு சொன்னேனே" என்றேன் காலையில்.

"ரெண்டு பேர் சொன்னாத்தான் நீங்க நியூஸே போடுவீங்க. உங்கள மாதிரி விசாரிச்சிகினு இருந்தா நான் இங்கயே ரிடையர் ஆயிடுவேன்" என்று சிரித்தாள்.

பழக்கம் விடவில்லை, விசாரித்துவிட்டேன். பயமாக இருக்கிறது. பத்திரிகை நிருபராக எனக்குக் கிடைக்கும் காசு பஸ்ஸுக்குத்தான் சரி. வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். நாற்பத்தைந்து வயதில் இன்னொரு பள்ளியில் எடுப்பார்களா?

உள்ளே கேசட்டைப் போட்டு, அமெரிக்கர் பேசுவதுபோலவே திருப்பிச் சொல்லிப் பழகுகிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

புது மேலாளர் திங்கட்கிழமை வருவாராம். பழையவர் எடுத்த ஆட்களை வைத்துக்கொள்வாரா என்பது அன்றுதான் தெரியும்.