புட்டாவுக்குக் கட்டிய கந்தல் பந்து

சிவமயம்

காஞ்சிபுரம்
29.1.71

அன்பு மகள் தில்லையம்மாளுக்கு அப்பா எழுதும் கடிதம். ஏகாம்பரநாதர் தயவில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அந்தப் பிலாய்க் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா, கம்பளி போதுமா என்று எழுதவும். உன் நாய் புட்டா உயிரோடு இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மேலே படிக்கப் படிக்க உனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், எனக்கு மூன்று நாளாக அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கிறது.

நீ ஆனி மாதம் நர்ஸ் வேலைக்கு ரயில் ஏறிய பிறகு உன் நாய் எங்களைப் படுத்திய பாட்டை நான் முழுக்க எழுதியதில்லை. நீ இருந்தவரைக்கும் சாயங்காலமானால் சர்வதீர்த்தக் குளம் வரைக்கும் அதைக் கூட்டிப்போய் வருவாய், வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்ளும், அப்படி ஒரு பிராணி வீட்டில் இருப்பதே தெரியாது. நீ போன பிறகு ஐந்து மணி அடித்தால் வாசற்படிக்கும் தறிக்குமாக நடை, நடைக்கு நடை ஒரு முனகல். நூல் சுற்றி வைத்த கண்டைக் கவ்விக்கொண்டு ஓடும், என் இடதுகால் செருப்பைத் தின்றே தீர்த்துவிட்டது. நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் அரைமணி நேரம் அதோடு நடந்துவிட்டு வாங்கப்பா, அது போதும், அப்புறம் தொந்தரவே பண்ணாது என்று எழுதினாய். எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாண காலம். நான் தறிக்குழியில் உட்கார்ந்தால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போடவேண்டும், ஒருவர் எழுந்தால் இரண்டு பேர் வேலையும் நிற்கும். இந்த லட்சணத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு குளக்கரையில் உலாத்த நான் என்ன பென்ஷன் வாங்குகிற தாசில்தாரா என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அரைமணி நேரம் எங்கேயிருந்து வரும்?

அப்புறம்தான் அந்த வித்தையைக் கண்டுபிடித்தேன், உனக்கும் பெருமையடித்து எழுதினேனே. குறுக்கே ஓடும் ஊடை இழையை நெருக்க நான் இழுத்து அடிக்கிற பலகை போய்ப் போய் வருகிறதல்லவா, அதில் ஒரு நூலைக் கட்டி, மேலே உத்தரத்தின்மேல் போட்டு, அந்தப் பக்கம் கந்தல் துணியைப் பந்தாகச் சுருட்டித் தொங்கவிட்டேன். நான் ஒரு அடி அடித்தால் பந்து ஒரு குதி குதிக்கும், அதைப் பிடிக்க நாயும் கூடவே குதிக்கும். நான் பாட்டுக்கு நெய்வேன், அது பாட்டுக்கு விளையாடும். பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி வந்து பார்த்துவிட்டு, இன்னாபா மயிலு, நாயையும் தறி வேலைக்குச் சேத்துக்கினியா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உன் ரூமில் இருக்கும் மேரிகூட இதைக் கேட்டு உங்க அப்பாவுக்குப் பெரிய மூளை என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த மூளையைத்தான் இப்போது செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் கட்டியது வெறும் பருத்தி நூல். நாய் கவ்வி இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும், தறிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாளைக்குப் பத்துத் தடவை எழுந்து முடிச்சுப் போடவேண்டியிருந்தது. எழுந்திருக்காமல் இருக்கத்தானே இந்த வித்தையே. அதனால் மிச்சம் மீதிப் பட்டிழையை எட்டுப் புரியாக முறுக்கிக் கட்டிவிட்டேன். பட்டு நெய்கிறவன் கைக்கு வேறென்ன கிடைக்கும்? உன் அம்மா அன்றைக்கே சொன்னாள், இன்னாங்க இது, இத்த எப்படிங்க அறுக்கறது, நாளைக்கு அது இழுத்தா தறியே கூட வருமே என்று. அறாமல் இருக்கத்தானே கட்டினேன், நீ உன் வேலையைப் பார் என்று அவள் வாயை அடைத்தேன். வேலை முடிந்து எழுந்திருக்கும்போது மட்டும் பலகையிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிடுவேன். ஒரு நாளும் தவறியதில்லை, அந்தத் திங்கட்கிழமை தவிர.

தறியில் இருந்தது யாருடைய புடவை தெரியுமா, உன்னோடு பள்ளிக்கூடம் போன கமலாட்சியின் முகூர்த்தப் புடவை. அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை, மாசி பன்னிரண்டாம் தேதி கல்யாணம். முகூர்த்தப் புடவை தறியில் ஏறிவிட்டால் முடிந்து இறங்கும்வரை நீளவாக்கில் கட்டிய பாவு இழையில் கத்தரிக்கோல் படக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம், உனக்கே தெரியும். உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷமாகிறது, இழையை அறுக்கவேண்டுமானால் பல்லால் கடிப்பாளே தவிர கத்தரியைத் தறிப்பக்கம் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை தை அமாவாசை. அமாவாசைக்கு நாம் தறியில் உட்காருவதில்லையல்லவா, காலையில் குளத்தில் முழுகித் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, காமாட்சியம்மாள் அத்தைக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது என்று இரண்டு பேரும் வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினோம். புட்டாவுக்குச் சோறும் தண்ணீரும் வைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போனோம். பலகையில் கயிறு கட்டியது கட்டியபடியே இருந்தது, எனக்கு ஞாபகமே இல்லை.

ஐந்தரை மணிக்குத் திரும்பி வந்தோம். தெருமுனையில் என் இருமல் கேட்டாலே குலைக்கிற நாய், பூட்டில் சாவி போட்டும் சத்தமில்லை. கதவைத் திறந்தால், அம்மாடி, அதை எப்படி எழுதுவேன். பந்து குதிக்கும் குதிக்கும் என்று காலையிலிருந்து பார்த்திருக்கிறது. குதிக்கவில்லை. தானே கவ்வி இழுத்திருக்கிறது. இழுத்த இழுப்பில் பலகை எகிறிக் கோணலாகத் தொங்குகிறது, கயிறு அதன் கழுத்தில் இரண்டு சுற்று, முன்னங்காலில் ஒரு சுற்று. மிரண்டுபோய்த் தறிமேல் ஏறி, பாவில் நகம் மாட்டி, விடுபடப் புரண்டு புரண்டு, சிவப்பு இழையெல்லாம் உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு பாதித் தொங்கலில் கிடக்கிறது. நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது, மூச்சு சீழ்க்கை மாதிரி வருகிறது, கண் மட்டும் எங்களையே பார்க்கிறது.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா தில்லை? ஐயோ பாவு போச்சே. சத்தியமாக அதுதான். நாயைத் தூக்கவில்லை, அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, பாவு போச்சே என்று கத்தினேன். கத்தியதோடு விட்டேனா, குழியோரம் குனிந்து நின்று, அதன் காலில் சுற்றியிருந்த இழையை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஆரம்பித்தேன், ஒன்றும் அறுந்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து. மூச்சு அடைத்துக்கொண்டிருக்கிற ஜீவனின் மேல் நான் இழை பிரித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா என்னை யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள், கத்தரிக்கோலோடு வந்தாள். வேணாம், முகூர்த்தப் புடவை என்று அவள் கையைப் பிடித்தேன். தள்ளுங்க என்றாள். கழுத்துக் கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் கத்தரி நுழையவில்லை, அதனால் பாவுக்குள் சிக்கி இறுகியிருந்த கயிற்றைப் பாவோடு சேர்த்துக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினாள். வெட்டுப்பட்ட இழையெல்லாம் சரசரவென்று தளர்ந்து விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாய் அவள் மடியில் துணிமூட்டை மாதிரி விழுந்தது, அசைவில்லை. புட்டா, புட்டா, கண்ண தொறடா என்று அவள் அதன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே அழுகிறாள். எவ்வளவு நேரமோ தெரியாது, ஒரு இருமல் இருமிற்று பார், அப்போதுதான் நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

இப்போது கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து ஒரு கோடு இருக்கிறது, மஞ்சள் பற்றுப் போடுகிறோம், காலை லேசாக இழுத்து நடக்கிறது. சாப்பிடுகிறது. என் நெஞ்சுதான் ஆறவில்லை. உன் அம்மா பாவில் கத்தரி வைத்ததற்குத் திடுக்கிட்டேனா, நான் வைக்காமல் நின்றேனே அதற்கா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் அன்று முதல் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, சோறு மட்டும் போடுகிறாள்.

கமலாட்சி வீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவள் அம்மா முகம் சுருங்கிப்போய், கல்யாணத்துக்கு முன்னாடி கத்தரி பட்டுதே என்று முனகினாள். கமலாட்சி மறுநாள் தானே வந்து, நாயின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, புடவ கெடக்கட்டும் மாமா, வேற நெய்ஞ்சிக்கலாம், தில்லைக்கு எழுதிட்டீங்களா இல்லியா என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்னா மாமா, அது யாரு நாயி என்றாள். அவள் சொன்ன பிறகுதான் இந்தக் கடிதம். புதுப் பாவு நாளைக்குத் தறி ஏறுகிறது, இருக்கிற நாளுக்குள் ராப்பகலாக உட்கார்ந்தால்தான் முடியும், முடித்துவிடுவேன்.

நேற்று ஐந்து மணிக்கு நான் புட்டாவைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். அரைமணி நேரம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பாய். எங்கேயிருந்தும் வரவில்லை, எழுந்து போனேன், அவ்வளவுதான். நொண்டிக்கொண்டே ஒவ்வொரு படியையும் முகர்ந்து பார்த்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தது. நானும் அம்மாவும் உடைந்த பலகையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தோம், ஒரு முனகல் இல்லை. ஏழு மாதமாக அது கேட்டது இவ்வளவுதானா?

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை, பொழுது போக வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ அனுப்பிய டிரான்சிஸ்டர் நன்றாகப் பாடுகிறது. நேற்று அது பாடிக்கொண்டிருக்கும்போதுதான் கந்தல் பந்தை எடுத்து அடுப்பில் போடப் போனேன். பந்து கையில், பாட்டு காதில், அப்படியே நின்றுவிட்டேன். உன்மேல் குறை சொல்லவில்லை கண்ணு. நீ என்ன நினைத்து அதை அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும், நானும் அதையேதான் நினைத்துப் பந்தைக் கட்டினேன்.

கமலாட்சி கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டுப் பார். கொடுக்கவில்லை என்றால் கொடுக்கிறபோது வா, ஆனால் வா. வரும்போது எதுவும் வாங்கிவராதே. மணி ஐந்தாகிறது, புட்டா வாசற்படியில் எழுந்து நிற்கிறது, உன் அம்மாவும் இன்று கூட வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள், போகிற வழியில் இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். காமாட்சியம்மன் உன்னை நோய் நொடி அண்டாமல் காப்பாற்றட்டும், நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அப்பா
ப. மயில்வாகனம்