சரண் வாசித்த ஏழு பாட்டு

பிரிக்பீல்ட்ஸ்,
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள மகள் ஜனகாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம். நீயும் மருமகனும் அபர்டீன் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க நான் முருகனையும், அம்மா தன் பங்குக்கு மாதாவையும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே தினமும் நாலு மணிக்கு மழை, லிப்ட் மறுபடி பழுது, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தாலும் ஆகஸ்டிலிருந்து ஞாயிறு பூசைக்குத் திரும்பவும் போய் வருகிறாள், அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். போனில் பேசலாமே, அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். மூன்று முறை போனில் சொல்லப் பார்த்தேன் பிள்ளை, உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். இதோடு ஒரு சீடி வைத்திருக்கிறேன். நம் சரணின் குழு, 'சாயங்கால ஜாம்', முதல் ஆல்பம் போட்டுவிட்டார்கள். மொத்தம் ஒன்பது பாட்டு, அதில் ஏழில் பேஸ் கிட்டார் வாசித்திருப்பது உன் தம்பி.

நீ இதைத் தூக்கி எறிந்துவிடாதே, முதலில் நான் சொல்வதைக் கேள். தம்பியை அடக்கம் செய்த அன்று நீ அவன் குழுவில் பாடுகிற பாலனைப் பார்த்து, காய்ச்சலோடு இருந்தவனை வாசிக்க வைத்து நீங்கள்தான் என் தம்பியைக் கொன்றீர்கள் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாய். அவன் தலையைக் குனிந்தபடி நின்றான். அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கிள்ளானில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த கடைமாடி அறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும், அங்கேதான் டெங்கிக் கொசு கடித்தது, அங்கேதான் மூன்று நாள் அவனை விடாமல் பிடித்து வைத்தார்கள் என்று நீ விமானம் ஏறுவதற்கு முன்பே போனில் சொன்னேன். நானும் அதை நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில், சரண் அறையை விட்டு வெளியே வந்து, அப்பா உடம்பெல்லாம் முறிகிற மாதிரி இருக்கு என்று முதலில் சொன்னது என்னிடம்தான். நான் பேப்பரை விட்டு நிமிரவில்லை. விடிய விடிய கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் முறியாமல் என்ன செய்யும், பனடோல் போடு என்றேன். அவன் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் போனான். அதற்கு அடுத்த புதன்கிழமை அவன் இல்லை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை, அம்மாவிடமும் ஒரு வருஷம் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆல்பம் ஏன் வரவில்லை, அவனை மறந்துவிட்டார்களா என்று நீ போன வருஷம் முழுவதும் கேட்டாய், ஸ்டூடியோவில் பிரச்சினை என்று அவர்கள் வெளியில் சொன்னார்கள். ஸ்டூடியோவில் ஒரு பிரச்சினையும் இல்லை. பாட்டெல்லாம் சரணின் கம்ப்யூட்டரில் இருந்தது, அதை நான் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பாலன் மூன்று தரம் வந்து கேட்டான். மூன்றாம் தரம், என் பிள்ளை போய்விட்டான் உங்களுக்குப் பாட்டு கேட்கிறதா என்று வாசலிலேயே நிற்க வைத்துக் கத்தினேன். அவன், "சரி அங்கிள், நீங்க எப்ப குடுக்கணும்னு நினைக்கிறீங்களோ அப்ப குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்றுதான் ஸ்டூடியோ கதையைக் கட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரியில் ஆண்டுத் திதிக்குப் பையன்கள் வந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கம்ப்யூட்டரைப் பற்றி மூச்சு விடவில்லை, போகும்போது நாற்காலிகளை எல்லாம் மடக்கிக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் நான் வழக்கம்போல, இவர்கள் என் பிள்ளைக்குச் செய்ததற்கெல்லாம் நாற்காலி மடக்குவது பரிகாரமாகுமோ என்று ஆரம்பித்தேன். அம்மா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டாள். "போதும் நிப்பாட்டுங்கோ. அந்தச் சனிக்கிழமை பாலன் எனக்குப் போன் பண்ணினவன். ஆன்டி, இவனுக்குக் காய்ச்சல், போகச் சொன்னா போக மாட்டேங்கிறான், நீங்க சொல்லுங்கன்னு கெஞ்சினவன். நான் சரணோட கதைச்சன். இன்னும் ஒரு பாட்டு அம்மா, முடிச்சிட்டு வாறன் எண்டான். நான் சரி எண்டு விட்டுட்டன்" என்றாள். ஒரு வருஷம் அதைத் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் ஒன்றையும் நான் ஒன்றையும் மறைத்து வைத்திருந்தோம். அப்போதுதான் நானும் அந்த வியாழக்கிழமையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் இருந்தவனுக்கு அந்தப் பயணம்தான் நீளமாக இருந்தது. பாலனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அவன் கேட்கவிடாமல் தேத்தண்ணீர் வாங்கப் போய்விட்டான். சரண் முடிக்காமல் விட்ட இரண்டு பாட்டுக்கு அய்மன் என்று ஒரு பையன் வாசித்திருக்கிறான், கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். சரணின் கிட்டாரைத் தொடுவதற்கு முன் அம்மாவுக்குப் போன் பண்ணி, ஆன்டி நான் எடுக்கலாமா என்று அனுமதி கேட்டான்.

ஆல்பம் வந்த அன்று என்னை அந்தக் கடைமாடி அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். ராக் என்றால் வெறும் சத்தம் என்று இத்தனை வருஷம் சொன்னவன் நான். முதல் பாட்டு ரவாங் போகிற ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் பற்றியது, 'வரும் வரும்னு சொன்ன ஸ்பீக்கருக்கே வயசாச்சு' என்று பாலன் அந்தக் கரகரத்த குரலில் பாடியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலாவது, காப்பார் மின்நிலையத்துப் புகைக்கூண்டு விளக்குகளைப் பற்றியது, நம் ஆட்கள் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்கள், நடுவில் டிரம்ஸ் நின்று திரும்பவும் விழுகிற இடத்தில் நெஞ்சுக்குள் ஏதோ இடிக்கிறது. எல்லாம் கேட்டேன். ஆனால் பிள்ளை, எது சரண் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்து அறையில் வாசித்தவன், ஒரு நாள் கதவைத் திறந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வெட்கத்தை விட்டு, "பாலன், இதில் அவன் எங்கே இருக்கிறான்?" என்று கேட்டேன். அவன் கம்ப்யூட்டரில் மற்றச் சத்தங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தான். குரல் போனது, டிரம்ஸ் போனது, மற்றக் கிட்டார்களும் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி, யாரோ மாடிப்படியில் அவசரமில்லாமல் ஏறி வருகிற மாதிரி. "இதான் அங்கிள் சரண்" என்றான். பிறகு மற்றதையெல்லாம் திறந்துவிட்டான். அந்தச் சத்தம் எங்கேயும் போகவில்லை, அதன் மேல்தான் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஏழாவது பாட்டு அந்தச் சனிக்கிழமை வாசித்தது. இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் அவன் கை ஒரு கண்ணிமைக்கும் நேரம் பிந்துகிறது. திருத்திவிடலாம் என்று ஒலிப்பதிவு செய்தவர் சொன்னாராம், பாலன் விடவில்லை. "அது தப்பு இல்ல அங்கிள், அன்னைக்கு அவன் இருந்தது அப்படித்தான்" என்றான். அந்த இடம் வரும்போதெல்லாம் என் கை அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போகிறது. அம்மாவால் இன்னும் அந்தப் பாட்டைக் கேட்க முடியவில்லை. மற்றதைச் சமைக்கும்போது போடச் சொல்கிறாள்.

நீ நல்ல ஹெட்போனில் கேள், போனில் அவன் சத்தம் சரியாக விழாது. குளிருக்குக் காலுறை போட்டுக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, காய்ச்சல் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போ, மருமகனுக்கும் இதைச் சொல். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான், பாலனுடைய நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய், அதைத் திறந்து அவனோடு பேசு. என்மேல் உனக்குக் கோபம் வரும், வரவேண்டியதுதான். என்னோடு நீ பிறகு ஆற அமரப் பேசலாம், எத்தனை நாளானாலும் பரவாயில்லை. அவனோடு மட்டும் இன்றைக்கே பேசிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
க. சண்முகரத்தினம்