எங்கள் வீட்டில் எதுவும் கெடுவதில்லை

ஜூன் 3, செவ்வாய்

கடன் ஆபீசிலிருந்து மகளுக்குப் போன். வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு மதியம் வரை, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குத் திட்டமிடல் முகாமாம். பங்குதாரர் இரண்டு பேரும் வந்தால்தான் எங்கள் மனுவையே பிரித்துப் பார்ப்பார்களாம். பங்குதாரர் என்றால் மகளும் நானும். பத்தாவதோடு படிப்பை விட்டவனை (படிப்புதான் என்னை விட்டது, அது கிடக்கட்டும்) மறுபடியும் பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறார்கள்.

நான் வேலை பார்த்த பெரிய கடையில் சர்வீஸ் பிரிவை மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். பழுது பார்க்கும் கடை போடலாம் என்று ஆரம்பித்தது மகள்தான். கடன் கிடைத்தால் கடை. இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அவள் வேறு ஊர் வேலைக்குப் போய்விடுவாள். நான் சோபாவில் நிரந்தர ஊழியன்.

இதில் திட்டம் போட என்ன இருக்கிறது? கெட்டுப்போனதைக் கொண்டு வருவார்கள், சரி செய்வேன். என் கைராசி அப்படி. எங்கள் வீட்டில் எதுவும் கெடுவதே இல்லையே! போன வாரம் மக்கர் செய்த கெட்டில்கூடத் தானாகத் திருந்திவிட்டது. என் மேல் இருக்கும் பயம்தான்.

ஜூன் 6, வெள்ளி

ஹாஸ்டல் மாதிரி ஒரு கட்டடம். ஆண்களுக்கு ஓர் அறை, அடுக்குக் கட்டில். என் தலைக்கு மேல் சோப்புக்காரர். அவரும் மனைவியும் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கப் போகிறார்கள். அவர் திரும்பிப் படுத்தால் கட்டில் அழுகிறது.

பயிற்சி தருபவருக்கு 'மைக்' என்று பெயர் வைத்தேன். பத்துப் பதினைந்து பேர் இருக்கும் அறையில் சட்டையில் மைக் குத்திக்கொண்டு பேசுகிறார். கண்ணை மூடி, ஐந்து வருடம் கழித்து உங்கள் கடையைப் பாருங்கள் என்றார். சோப்புக்காரர் அப்படியே தூங்கிவிட்டார். நான் கண்ணைத் திறந்து மேலே பார்த்தேன்.

"சார், அஞ்சு வருஷம் இருக்கட்டும். இந்த ஃபேன் அஞ்சு நாள்ல உங்க தலையில விழும், பார்த்துக்குங்க."

அறையே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. பயணக் களைப்பு போல.

ஜூன் 7, சனி

காலையில் கலர் பென்சில் கொடுத்து, உங்கள் வாடிக்கையாளரை வரையுங்கள் என்றார்கள். ஐம்பத்தைந்து வயதில்! வண்டியிலேயே போய் நாய்களைக் குளிப்பாட்டித் தரப்போகும் ஒருவர் நாயை வரைந்தார். "காசு அதுவா தரும்?" என்று கேட்டேன். மறுபடியும் சிரிப்பு. முகாமின் ஹீரோ நான்தான் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன்.

மைக் எனக்கும் பாடம் எடுத்தார். "ரிப்பேர் பண்றவர் ரெண்டு கேள்வி கேட்டா போதும் சார். என்ன ஆச்சு? எப்போ வேணும்?" ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மனுஷன்.

சனி, மாலை

விளையாட்டுக் கடை வைத்தோம். மேஜைக்கு ஒரு கடை. பங்குதாரரில் ஒருவர் கடைக்காரர், இன்னொருவர் வாடிக்கையாளராகச் சுற்றி வரவேண்டும். நான் கடையில், மகள் சுற்றலில்.

சோப்பு அம்மாள் தன் சொந்த இஸ்திரிப் பெட்டியையே கொண்டுவந்தார். சூடு ஆறும் முன்பே ஒயரைச் சுற்றிச் சுற்றி வைத்து, ஒயர் உருகி இருந்தது.

"இதை யாரும்மா கொலை பண்ணது? போலீசுக்குச் சொல்லியாச்சா?" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். என் மேஜையில்தான் கூட்டம்.

கடைசியில் மைக், "எந்தக் கடைக்கு மறுபடியும் போவீங்களோ, அந்த மேஜைகிட்ட போய் நில்லுங்க" என்றார்.

யாரும் வரவில்லை. சிரித்தவர்கள் அத்தனை பேரும் சோப்பு மேஜைக்கும் நாய் மேஜைக்கும் போனார்கள். சரி, போகட்டும், ரசனை கெட்ட ஜனம். என் மகள் கொஞ்ச நேரம் நடுவில் நின்றாள். அப்புறம் நாய் மேஜை பக்கம் போய் நின்றாள்.

எங்களிடம் நாயே கிடையாது.

சனி, சாப்பிட்ட பிறகு

"பெத்த அப்பனை விட்டுட்டு நாய்கிட்ட போய் நிக்கிறியே" என்று கேட்டேன், விளையாட்டாகத்தான்.

"அந்த அம்மா சிரிச்சாங்கல்ல, அப்புறம் பார்த்தீங்களாப்பா? இஸ்திரிப் பெட்டியைப் பைக்கு அடியில போட்டு, மேல துண்டைப் போட்டு மூடிட்டாங்க."

"அதுக்கு?"

"நாமளும் அதைத்தானப்பா பண்றோம். கெட்டில் தானா சரியாச்சுன்னா நினைக்கிறீங்க? நீங்க வெளிய போனப்போ அம்மா துணிப்பைல வெச்சு மார்க்கெட் பக்கம் ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போனாங்க. என் ஹேர் டிரையரும் அங்கதான். டேபிள் ஃபேனும் அங்கதான்."

"ஏன், நான் இல்லையா?"

"நீங்க இருக்கீங்கப்பா. அதான்."

என்ன பேச்சு இது? முப்பது வருஷமா ஊர் சாமானெல்லாம் என் கையில... என் பொண்டாட்டி இன்னொருத்தன் கடையில போய் நிக்கிறாளா? அதுவும் அவன்கிட்ட! அவன் சால்டர் வெக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? நான் என்ன அடிச்சேனா, திட்டினேனா? தமாஷ் தானே பண்ணேன்? சிரிச்சாங்களே எல்லாரும்!

சிரிச்சாங்க.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் சோப்பு அம்மாளிடம் போய், ஒயரை மாற்றித் தருகிறேன் என்றேன். "பரவாயில்லைங்க, புதுசே வாங்கிக்கிறோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

கடைத் திட்டத்தைச் சொல்ல மேடையில் எங்கள் முறை வந்தது. கல்லாவில் யார் உட்காருவீர்கள் என்று மைக் கேட்டார். மகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா வரலைன்னா கடையே இல்ல சார். அப்பா பேசினாலும் கடை இல்ல."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், இஸ்திரிப் பெட்டிக்கார அம்மாள் மாதிரியே. என்னை மூட ஒரு துண்டு கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொண்ணு முன்னாடி. நான் உள்ளே" என்றேன். மைக் கை தட்டினார், மைக்கைப் போட்டுக்கொண்டே. காது போச்சு.

ஜூன் 9, திங்கள்

மனைவி குளிக்கப் போனபோது கெட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் புது ஸ்க்ரூ. கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒயரில் வைத்த சால்டரும் சுத்தமாக இருக்கிறது, படுபாவி.

ஜூன் 26, வியாழன்

கடன் வந்துவிட்டது. மகள் அந்த வெளியூர் வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கடைக்கு நடுவில் திரை போட வேண்டும் என்றாள். தடித்த துணியாகப் பார்த்து நானே வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கடையில் கூட்டம் குறைவு. ஒருத்தர் ஹீட்டரைத் தலைகீழாக மாட்டி எரித்துக் கொண்டுவந்திருந்தார். திரைக்குப் பின்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாக்கில் தழும்பே விழுந்துவிடும்.

மதியம் திரைக்கு அந்தப் பக்கம் தெரிந்த குரல். என் மனைவி. கையில் அதே துணிப்பை. மகளிடம் கொடுக்காமல், திரையை விலக்கி உள்ளே வந்து, டோஸ்டரை என் மேஜையில் வைத்தாள். உள்ளே வெண்ணெய் உருகிக் கருகிப் போயிருந்தது. டோஸ்டருக்குள் வெண்ணெய்! என் வாயில் மூன்று வசனம் வரிசை கட்டி நின்றன. மூன்றும் அருமையானவை.

"நான்தான் பண்ணேன்" என்றாள், வாசலைப் பார்த்துக்கொண்டு. பையை இன்னும் மடிக்கவில்லை.

"எப்போ வேணும்?" என்று கேட்டேன்.

இது அந்த மைக் சொல்லிக் கொடுத்தது இல்லை. நானே யோசித்தது.

பையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.