மருதாம்பாள் கடைக்குக் கீழே ஆறாவது காம்பரா

1975 பிப்ரவரி 9

பக்கத்து வீட்டு முனியசாமி அண்ணன் தன் அம்மாவை அழைத்து வர, சிலோனிலிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் கேம்புக்குப் போகிறார். பிள்ளைக்கு அம்மை போட்டதால் அக்காவும் அத்தானும் இன்னும் அங்கேதான். அத்தானோடு அப்பாவுக்குக் கல்யாணத்திலிருந்தே பேச்சில்லை. இப்போதுதான் அப்பா முதன்முதலாக இருவரையும் வரச் சொல்லி ஆள்மூலம் சொல்லியனுப்புகிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷன், தபால், தாலுகா எல்லாம் எழுதித் தரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"எட்டாவதோட நின்னவ எனக்கு விலாசம் சொல்றியா? நடுவட்டத்துல எறங்கி மருதாம்பா கடையக் கேக்கட்டும். கடைக்குக் கீழ லயம், ஆறாவது காம்பரா."

சிலோன் தோட்டத்தில் இப்படித்தான், லயத்து வரிசையில் எத்தனையாவது வீடு என்று விலாசம் சொல்வார்கள். அங்கே லயமும் கடையும் நான் பிறக்கும் முன்பிருந்தே நகரவில்லை. இங்கே லயம் என்பது தகரக் கொட்டகை. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 27

ஓடைக்கு அந்தப் பக்கம், புதிதாகக் காடு வெட்டிய டிவிஷனுக்கு எங்களை மாற்றினார்கள். கொட்டகையையே பிரித்துக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மருதாம்பாள் அக்காவும் கடையைப் பெயர்த்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். எங்களுக்கு மறுபடி ஆறாவது. அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஒன் காயிதம் இப்ப என்னாகியிருக்கும்? டிவிஷனே மாறிப்போச்சு. கடைக்குக் கீழ ஆறாவது, அது மாறுச்சா?"

மாறவில்லை. அவர் சொன்னது சரிதான்.

மார்ச் 3

மழை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திவிட்டேன். அரை நாள் கூலிக்குத்தான் பேர் போட்டார்கள்.

மார்ச் 16

பள்ளத்தில் வியாபாரம் இல்லையென்று மருதாம்பாள் அக்கா கடையை பஸ் ரோட்டுக்கு மாற்றிவிட்டார். நாங்கள் இங்கேயே. ரோட்டுக் கடைக்குக் கீழேயும் ஒரு லயம் இருக்கிறது. போன கப்பலில் வந்தவர்கள், எங்களைத் தெரியாது. எங்கள் அக்கா அங்கேதானே போவாள் என்றேன். அப்பா காதில் வாங்கவில்லை. நானே கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று மருதாம்பாள் அக்காவிடம் சொன்னேன்.

"வந்தா நானே கூட்டியாறேன் கண்ணு, நீ போ."

மார்ச் 29

அக்கா வந்துவிட்டுப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமையாம். மருதாம்பாள் அக்கா சரக்கெடுக்கக் கூடலூர் போன நாள். கடை பூட்டு. அக்கா கீழே இறங்கி ஆறாவது கதவைத் தட்டியிருக்கிறாள். அந்த வீட்டுக் கருப்பம்மா இன்று குழாயடியில் சொன்னாள்: "எங்கப்பா செல்லையா காம்பராவான்னுச்சு. இது மாரப்பன் காம்பரான்னேன். எங்கப்பா வேணும்னே தப்பா சொல்லிவிட்டிருக்காருன்னு ஒரே அழுகை. புருசங்காரன் மைசூர்ப் பக்கம் வேலைக்கு ஆள் ஏத்துற லாரியில கூட்டிட்டுப் போயிட்டான்."

அப்பாவிடம் சொன்னேன். "ஆறாவதுன்னுதானே சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். சோறு வேண்டாமாம்.

எழுதித் தாரேன்னு சொன்னேனே. டிவிஷன் மாறினா மாறட்டும் — தபாலாபீசு எங்கயும் போகலையே, அங்க வந்து கேட்டிருப்பாளே. யாரு கேட்டா எம் பேச்ச?

ஜூன் 8

ஞாயிறு. அப்பா வாராவாரம் எங்கே போகிறார் என்று இன்றுதான் கூடப் போய்ப் பார்த்தேன். தெப்பக்காட்டில் மைசூர் லாரிகள் நிற்கும் இடம். ஒவ்வொரு டிரைவரிடமும், அக்காவிடம் சொல்லச் சொல்லி, தன் பேர், டிவிஷன், தபால், தாலுகா, நீலகிரி ஜில்லா என்று ஒன்று விடாமல் ஒப்பிக்கிறார். பலர் நிற்பதில்லை. ஒருவர் மட்டும் முழுக்கக் கேட்டார்.

"சரிங்க பெரியவரே, உங்க மக எந்த ஊர்ல இருக்குது?"

அப்பா மைசூர் ரோட்டைக் கை காட்டினார்.

"இப்பிடித்தான் போனா."