நகம் படாத காசு

பாய், உங்களைக் காசில் ஊசியால் கோடு போட்டு ஏமாற்றப் பார்த்தவர் என்று சபையில் வைத்துச் சொன்னார்கள். அது பொய். அதைச் சொன்ன சங்கத் தலைவர் இன்றுவரை திருத்திக்கொள்ளவில்லை.

இன்று காலை அரியலூர் கடைத்தெருவில் எலுமிச்சம்பழம் விற்கிற அம்மா மீதி கொடுத்த சில்லறையில் செல்லாத பழைய நாலணா ஒன்று கலந்திருந்தது. காண்டாமிருகம் போட்டது. கொம்பிலிருந்து விளிம்புவரை மெல்லிய கோடு. வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். பழங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெரம்பலூரில் நம் நாணயச் சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் கொண்டுவந்த காசிலும் இதே கோடுதான். கைபடாத புதுக்காசு. தலைவர் தூரத்திலிருந்தே பார்த்துச் சிரித்தார். "கீறி வச்சுட்டு அச்சு விரிசல்ங்கிறீங்களா? துபாய்ல இந்த வேலையும் கத்துக் குடுத்தாங்களா பாய்?" எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நகத்தால தடவிப் பாருங்க சார். கீறல்னா பள்ளமா இருக்கும். காசு அடிக்கிற அச்சுல விரிசல்னா அதுக்குள்ள உலோகம் போயி காசுல மேடா நிக்கும்" என்றேன். அவர் கையை நீட்டியதும் நீங்கள் டப்பாவை மூடிவிட்டீர்கள்.

"வேணாம்ணே. புதுக்காசு மொகத்துல கை படக்கூடாது, ரேகை விழுந்துரும்."

திரும்பி வரும் பஸ்ஸில் உங்களோடு சண்டை பிடித்தேன். "ஒரு தடவு தடவ விட்டா பேரு மிஞ்சியிருக்கும்ல?"

"இந்தக் கோட்டுக்கு என்னண்ணே வெல? வாங்குறவன் பிரியப்பட்டா ஒரு டீக்காசு சேத்துத் தருவான். அதுக்குப் போயி ஊசி எடுப்பனா? இதே அச்சுல அடிச்ச இன்னொண்ணு எங்கயாச்சும் சுத்திக்கிட்டுதான் இருக்கும். கீறல்னா ரெண்டு காசுல ஒரே எடத்துல விழுமா? அது வரட்டும்."

அது வருவதற்குள் நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சங்கத்துப் பக்கம் நீங்கள் போகவே இல்லை. ஆசையாகச் சேர்த்த காசுகளைக்கூட யாருக்கும் காட்டவில்லை.

இந்தக் காசு அதே அச்சில் உங்களுடையதற்குப் பிறகு அடித்தது. விரிசல் முற்றி, விளிம்பில் அச்சின் சில்லு பெயர்ந்து, காசில் அந்த இடம் கட்டியாக நிற்கிறது. விலை என்று பார்த்தால் கோட்டைவிட இந்தக் கட்டிக்குத்தான் கூடுதல். ஊரெல்லாம் கை மாறித் தேய்ந்த காசு என்பதால் நான் நகம் வைத்துப் பார்த்தேன். மேடுதான் பாய். சட்டைப் பையில் இருக்கிறது, விற்க மாட்டேன்.

இனி உங்கள் மகன் உங்கள் காசை அந்த டப்பாவோடு கொண்டுவர வேண்டும். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அன்று சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து லென்ஸில் இரண்டையும் பார்க்க வேண்டும். தலைவர் அதே மண்டபத்தில், அதே மேடையில், "கோடு அச்சில் விழுந்தது, பாய் போட்டதல்ல" என்று மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்க வேண்டும். நம்பாதவர்கள் என் காசை எத்தனை நகத்தாலும் சுரண்டிப் பார்க்கட்டும். உங்களுடையதை யாரும் தொடக்கூடாது.