சட்டிச்சோற்றுக் கடையிலை போன சப்பாத்து

இக்காஸ்ட், டென்மார்க்
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் துவாரகனுக்கு,

அப்பா எழுதுறது. இங்கை நானும் கொம்மாவும் கடவுள் புண்ணியத்திலை சுகம், என்ரை இடது முழங்கால் மட்டும் கொஞ்ச நாளாய்த் தன்ரை பாட்டிலை வேறை வழியாலை போகுது, அதை விட்டால் குறையொண்டுமில்லை. ஹொங்கொங்கிலை நீயும் விங் யான் பிள்ளையும் சுகமாய் இருக்கவேணும் எண்டு தினமும் விளக்குக் கொளுத்தேக்கை நினைக்கிறனான். போனிலை சொல்லலாமே, ஏன் கடிதம் எண்டு யோசிப்பாய். நான் உன்னோடை போனிலை கதைக்கத் தொடங்கினா கொம்மா அடுத்த அறையிலை ரீவிச் சத்தத்தைக் குறைச்சுப் போடுவா, பிறகு நான் சுதந்திரமாய் ஒண்டும் கதைக்கேலாது. சிவப்புத் தபால்பெட்டியளையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள், இதைப் பார்சல் எடுக்கிற கடையிலை கொண்டுபோய்த்தான் குடுக்கவேணும். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை ஐஞ்சாம் வகுப்போடை நிண்டனீ, நான் பத்தாம் வகுப்பிலை மூண்டு பாடம் கோட்டை விட்டனான், ஆகவே எழுதுறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் பெரிய வித்தியாசமில்லை, எழுத்துக்கூட்டி ஆறுதலாய் வாசி.

நீ கேட்ட விசயத்துக்கு வாறன். வைகாசியிலை உங்கடை கலியாணப் பதிவு எழுத்து, எழுத்து முடியப் பொம்பிளை வீட்டுக்காரரின்ரை சட்டிச்சோற்றுக் கடையிலை சாப்பாடு, எங்களுக்கு இரண்டு கதிரை போடுறதோ விடுறதோ எண்டு உன்ரை மாமனார் கேக்கிறார் எண்டு எழுதியிருந்தாய். இந்த மாத முடிவுக்குள்ளை பதில் சொல்லுறன் எண்டு நான் வீரமாய்ச் சொல்லிப்போட்டன், ஆனா மார்கழியிலை நத்தாருக்கு நீ போனிலை விசயத்தைச் சொன்ன நேரம் தொடக்கம் கொம்மா அந்தக் கதையை எடுக்க விடேல்லை. போனை என்ரை கையிலை தந்துபோட்டுப் போய், கழுவி அடுக்கின கோப்பையளைத் திருப்பிக் கழுவினவ. கோவமெண்டு நினையாதை. ஒருநாள் உடுப்பு மடிக்கேக்கை கொம்மா, நான் அந்தச் சனத்தோடை என்ன பாசையிலை கதைக்கிறது, டெனிஷே எனக்கு முப்பது வருசமாய் முக்கி முக்கித்தான் வருகுது, ஒரு கிழமை ஊமைச்சி மாதிரி அங்கை போய் இருக்கச் சொல்லுறியளோ எண்டு சொன்னவ. பயம் மகன், வேறொண்டுமில்லை. நான் நம்பிக்கையிலை கலியாணத்துக்கெண்டு ஒரு சோடி கறுத்தச் சப்பாத்து வாங்கிக் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருந்தனான். தூசு உறிஞ்சேக்கை கண்டுபிடிச்சுப் போட்டா. இது எங்கை போறதுக்கு எண்டு கேட்டா, செத்தவீட்டுக்கு எண்டன். ஆற்றை செத்தவீடு எண்டா. இன்னும் முடிவாகேல்லை எண்டன்.

அப்பதான் உன்ரை தங்கச்சி கஜந்தி டோஸ்ட்ருப்பிலை இருந்து போனிலை தேடிச் சொன்னவள், ஓகூஸ் நகரத்திலை அதே மாதிரிச் சட்டிச்சோற்றுக் கடை ஒண்டு இருக்காம், சனம் வரிசையிலை நிண்டு சாப்பிடுதாம். நான் கொம்மாவிட்டைப் போய், ஞானம், அந்தச் சோத்தை ஒருக்கால் திண்டு பாத்துப்போட்டு மாட்டன் எண்டு சொல்லு, தின்னாமல் மாட்டன் எண்டு சொன்னா ஞாயம் உன்ரை பக்கம் நிக்காது எண்டன். கொம்மாவுக்கு ஞாயம் தன்ரை பக்கம் நிக்கவேணும். உடனை வெளிக்கிட்டா. வெள்ளிக்கிழமை விரதம் எண்டபடியாலை சனிக்கிழமை போனனாங்கள். நான் கோட்டு, கழுத்திலை ரை, புதுச் சப்பாத்து. ஒத்திகை எண்டா முழுசாய்ப் பாக்கவேணும்தானே.

ஓகூஸிலை கரைஞ்ச பனி தெருவெல்லாம் சேறாய்க் கிடந்துது. கடைக்கு வெளியிலை முக்கால் மணித்தியாலம் நிண்டு, எங்கடை முறை வந்து கதவைத் திறந்தா, வாசலிலை நிலத்தோடை ஒரு சிவப்புப் பெட்டிக்குள்ளை சீனச் சாமி. இரண்டு சிவப்பு விளக்கு, ஊதுபத்தி புகைஞ்சுகொண்டு நிக்குது, மூண்டு தோடம்பழம். நான் யோசிக்கேல்லை மகன், என்ரை கால் யோசிச்சுது. சப்பாத்தைக் கழட்டி ஓரமாய் வைச்சு, கன்னத்திலை போட்டுக்கொண்டன். கொம்மாவும் கழட்டினா. அதுக்குப் பிறகுதான் கண்டன், என்ரை வலது சொக்ஸிலை பெருவிரல் வெளியிலை வந்து சனத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. எனக்குப் பின்னாலை நிண்ட உயரமான தாடிக்காரர், மனிசியோடையும் இரண்டு பிள்ளையளோடையும் வந்தவர், இங்கை இப்பிடித்தானோ எண்டு மரியாதையாய்க் கேட்டவர். தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். ஆனா முப்பது வருசத்திலை ஒரு டெனிஷ்காரன் என்னட்டை ஒழுங்கு கேட்டது அதுதான் முதல் தரம். ஓம், சாமி இருக்கிற இடத்திலை இப்பிடித்தான் எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டன். நாலு பேரும் கழட்டிச்சினம். அவையைப் பாத்து அடுத்தவை, அதைப் பாத்து உள்ளை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டு இருந்தவையும் வெக்கப்பட்டு ஒவ்வொருத்தராய் எழும்பி வந்து கழட்டி வைச்சுப்போட்டுப் போய் இருந்தவை. ரையும் கோட்டும் கண்டு என்னைக் கடைக்காரன் எண்டு நினைச்சு ஒரு மனிசி தன்ரை குளிர் ஜக்கெற்றை என்ரை கையிலை தந்தவ. வேண்டாம் எண்டு சொல்லத் தெரியேல்லை. கோயில் திருவிழாவிலை தொண்டு செய்த பழக்கத்திலை சப்பாத்துகளைச் சோடி சோடியாய் அடுக்கி, ஏழெட்டு ஜக்கெற்றும் கொழுவி முடியத்தான் நான் மேசைக்குப் போனன். கொம்மா, சம்பளம் பேசிப்போட்டு வாறியளோ எண்டு கேட்டா.

கடைக்காரர் சீனர், புருசனும் பெண்சாதியும். மனிசி குசினி, மனிசன் பரிமாறுறது. மனிசன் எங்கடை மேசைக்கு வந்து குனிஞ்சு என்ரை காதுக்குள்ளை டெனிஷிலை கேட்டார், இண்டைக்கு டெனிஷ்காரருக்கு என்ன பெருநாள், ஏன் எல்லாரும் சொக்ஸோடை இருக்கினம், என்ரை மனிசி கேட்டுக்கொண்டு வரச் சொன்னவ எண்டு. எனக்குத் தெரியாது எண்டன். மேசைக்குக் கீழை கொம்மா எனக்கு உதைச்சா, சொக்ஸ் போட்ட கால் எண்டபடியாலை நோகேல்லை. கொஞ்ச நேரத்தாலை பாத்தா, சனத்தின்ரை பெருநாளுக்கு மரியாதையாய் அந்த மனிசனும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு சொக்ஸோடை தட்டுக் காவுறார். டெனிஷ்காரர் சீன வழக்கம் எண்டு கழட்டிச்சினம், சீனர் டெனிஷ் வழக்கம் எண்டு கழட்டிச்சினம், இரண்டு பகுதிக்கும் நடுவிலை யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் பெருவிரலை மடக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒண்டும் தெரியாத மாதிரி இருந்தான்.

சோறு வந்துது. கம்பி சுத்தின மண்சட்டி, வெடிச்ச சட்டியைக் கட்டிக் கொண்டந்திருக்கினமோ எண்டு பயந்துபோனன், பிறகு எல்லா மேசையிலையும் அதுதான். எனக்குச் சீனச் சொசேஜ், கொம்மாவுக்குக் கோழியும் காளானும், மேலை கறுத்தச் சோயாப் பாணியை விட்டுக் கிளறித் தின்னிறது. சுடச்சுட நல்ல ருசி மகன், உறைப்புத்தான் இல்லை. கொம்மா தின்னிறா, தின்னிறா, அடிக்குப் போனதும் கரண்டியை நிப்பாட்டினா. முகம் மாறிப்போச்சு. என்னப்பா, அடிப்பிடிச்சுப் போச்சு, பாவம் அந்த மனிசி, இவ்வளவு சனத்துக்கு தனி ஆளாய்ச் சமைக்கிறா, புருசன் கண்டா பேசப்போறான், நீங்கள் வாய் திறவாதேங்கோ எண்டா. உனக்குத் தெரியும்தானே, கொம்மா பராமரிப்பு இல்லத்துக் குசினியிலை வேலை, ஒரு சட்டி கருகினா என்ன பாடு எண்டு அவவுக்குத் தெரியும். தன்ரை சட்டியிலை பிடிச்சதை எல்லாம் சுறண்டித் திண்டா, பிறகு என்ரை சட்டியை இழுத்து அதையும் சுறண்டி, ஏலாமல் போனதைக் கடதாசித் துண்டிலை சுத்திக் கைப்பைக்குள்ளை வைச்சா. நான் அங்காலை இங்காலை பாத்துக் காவல் நிண்டன்.

அந்த நேரம் பாத்துக் குசினி மனிசி வெளியிலை வந்தா. எங்கடை இரண்டு சட்டியையும் எட்டிப் பாத்தா, கழுவின மாதிரிக் கிடக்கு. பிடிபட்டம் எண்டு நினைச்சன். மனிசிக்கு முகமெல்லாம் சிரிப்பு. புருசனைக் கூப்பிட்டுக் காட்டுறா. அவர்தான் விளங்கப்படுத்தினவர், அந்த மொறுமொறுப்புத்தானாம் இந்தச் சோத்தின்ரை உயிர், வேணுமெண்டே பிடிக்க வைக்கிறவையாம், இங்கத்தைச் சனம் கருகினது எண்டு விட்டுப்போட்டு எழும்பிப் போகுதாம், தின்னிற ஆளைத் தன்ரை மனிசி இண்டைக்குத்தான் காணுறாவாம். அந்த மனிசி உள்ளை போய்ப் பப்படம் மாதிரி ஒரு முழு வட்டமாய்ப் பேத்து எடுத்துக்கொண்டு வந்து கொம்மாவின்ரை தட்டிலை வைச்சா. கொம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, ஒரு இடத்திலையும் கறுப்பில்லை, எல்லாம் ஒரே பொன்நிறம். எப்பிடி எண்டு கையாலை கேட்டா. அந்த மனிசி வா எண்டு கையைப் பிடிச்சுக் குசினிக்குள்ளை இழுத்துக்கொண்டு போட்டா. முக்கால் மணித்தியாலம் மகன். நான் எட்டிப் பாத்தன், சட்டியைச் சரிச்சு நெருப்பிலை நாலு பக்கமும் காட்டுறது எப்பிடி எண்டு அவ சீனத்திலை சொல்லுறா, கொம்மா தமிழிலை, எடியே பொறு பொறு இந்தப் பக்கம் காணாது எண்டுறா, இரண்டு பேருக்கும் ஒரு சொல் விளங்கேல்லை, இரண்டு பேரும் சண்டை பிடிக்கிற சத்தத்திலை கதைக்கினம். இடைக்கிடை சிரிப்புக் கேக்குது. நான் வெளியிலை இருந்து தேத்தண்ணி குடிச்சன், மூண்டு பேருக்கு ஜக்கெற் எடுத்துக் குடுத்தன்.

வெளிக்கிடுவம் எண்டு வாசலுக்கு வந்தா என்ரை புதுச் சப்பாத்தைக் காணேல்லை. அந்த இடத்திலை ஒரு பழஞ்சோடி, அதுவும் கறுப்புத்தான், இரண்டு இலக்கம் பெரிசு, குதி ஒரு பக்கமாய்த் தேஞ்சிருக்கு. களவெண்டு சொல்லமாட்டன், மாறிப் போட்டுக்கொண்டு போன ஆள் இப்ப வீட்டிலை விரல் நொந்துகொண்டு என்னைத் திட்டிக்கொண்டு இருப்பார். கடைக்காரர் சரியாய்க் கவலைப்பட்டு நம்பர் வாங்கி வைச்சவர், இன்னும் அழைப்பு இல்லை. கோயில் வாசலிலை காலுக்குப் போட்டது மாறினா பீடை போகும் எண்டு கோயில் தொண்டிலை என்னோடை நிக்கிற தேவராசா சொல்லுறவர், ஆனா அது பாட்டாச் செருப்புக்குச் சொன்ன கதை. கார் நிப்பாட்டின இடம் வரைக்கும் நான் தாரா வாத்து மாதிரிச் சளக் சளக் எண்டு நடந்தன். கொம்மா முன்னாலை போனவ, நிண்டு, திரும்பி, என்ரை காலை மேலையும் கீழையும் பாத்துப்போட்டுச் சொன்னா, இங்கை பாருங்கோ, கலியாணத்துக்கும் இதைப் போட்டுக்கொண்டு வந்தியளெண்டா நான் உங்களுக்குப் பக்கத்திலை இருக்கமாட்டன், சொல்லிப்போட்டன் எண்டு.

நான் அப்பிடியே நிண்டுபோனன் மகன். ஆற்றை கலியாணம் எண்டு கேக்க வாய் உன்னிச்சு, கேக்கேல்லை. இந்த வயசிலையாவது எனக்கு அவ்வளவு புத்தி வந்திருக்கு. காரிலை ஏறிச் சில்கபோ நகரம் தாண்டினம். அங்காலை வரத்தான் அவவாய்க் கேட்டா, அந்தப் பிள்ளையின்ரை தாயும் குசினியிலைதானோ நிக்கிறவ எண்டு. ஓம் எண்டன். அப்ப சரி எண்டா. இண்டைக்குக் காலமை கைப்பைக்குள்ளை இருந்த அடிச்சோத்தை எடுத்துத் தேத்தண்ணியோடை நறுக் நறுக்கெண்டு கடிச்சுக்கொண்டு, ஹொங்கொங்கிலை வைகாசியிலை வெயிலோ மழையோ எண்டு கலண்டரைப் பாத்தபடி கேட்டா.

ஆகவே உன்ரை மாமனாரிட்டைச் சொல்லு, இரண்டு கதிரையும் போடட்டும், பக்கத்திலை பக்கத்திலை. கொம்மாவின்ரை கதிரையைக் குசினிப் பக்கமாய்ப் போட்டா நல்லது, எப்பிடியும் அதிலை இருக்கமாட்டா. நீ கொம்மாவுக்கு இப்ப ஒண்டும் கேக்காதை, கேட்டா மாட்டன் எண்டு சொன்னாலும் சொல்லுவா, தானாய்ச் சொல்லுமட்டும் மழையைப் பற்றிக் கதை. இரவு முழிச்சு வேலை செய்யாதை, தலைக்கு எண்ணெய் வை.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் நாலு பக்கமும் சூடு பாத்து, கருகாமல் நல்லாய் இருக்கவேணும் எண்டு எங்கடை இரண்டு பேரின்ரையும் ஆசீர்வாதம். ஒண்டை மட்டும் மறவாதை: அந்தக் கடை வாசலிலையும் சாமி இருக்குதோ எண்டு பாத்து எழுது. இருந்தா நான் கழட்டுவன், ஆனா எனக்குப் பின்னாலை ஒருத்தரும் கழட்டவேண்டாம் எண்டு முதலே எல்லாருக்கும் சொல்லிவை.

இப்படிக்கு
வேறை ஆற்றையோ நாப்பத்திமூண்டாம் இலக்கச் சப்பாத்தோடை இருக்கும்,
அன்பு அப்பா
தவராஜா