எல்லோரும் திரும்பி வரும் போர்ப்பாட்டு

இலங்கை, 1917 ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

தேயிலைத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் எழுதிய போர்ப்பாட்டை இன்று பாடிக் காட்டினேன். அவர்கள் பயந்துவிடக் கூடாதென்று அதில் யாரையும் சாகவிடவில்லை. சிப்பாய்கள் எல்லோரும் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

செல்லம்மா எழுந்து, "வாத்தியாரய்யா, எங்கப்பாவும் இவங்களோட வர்றாரா?" என்றாள்.

அவள் அப்பா பட்டாளத்தில் இறந்த செய்தி ஆடியிலேயே வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் ஆமென்று தலையாட்டிவிட்டேன்.

சாயங்காலம் அவள் அம்மா தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து ஓடிவந்தாள். "அப்பா வர்றாருன்னு பதுளை ரோட்டுல போயி நிக்கிறாய்யா. நீங்களே சொல்லிருங்க. எனக்கு வாய் வரல."

ரோட்டோரம் தூறலில் செல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா இறந்துவிட்டதைச் சொன்னேன்.

"அப்பப் பொய்யா பாடுனீங்க?"

"ஆமாம்மா."

நெடுநேரம் அழுதாள். தூக்கிக்கொண்டு நடந்தேன். லயம் வருவதற்குள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.